நூற்றில் ஒரு பங்கு மனோரஞ்சிதம்

காலை பத்து மணி இருபது நிமிடம். சமையல் மேடையில் நாற்பது காலி டப்பாக்கள். அவற்றின் எதிரே ரேணுகாதேவி. அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்த சின்ன குண்டானில் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் ஒன்றாக உருகிக்கொண்டிருந்தன. இன்று வியாழன். இன்று கிரீமை ஊற்றி ஆறவிட்டால் நாளை கையில் தடவிப் பார்க்கலாம், சனிக்கிழமை மூடி போட்டுப் பெயர் ஒட்டலாம், ஞாயிறு காலை சந்தைக்குக் கொண்டுபோய் மேசையில் அடுக்கிவிட்டு உட்காரலாம். உட்காரலாம் என்ற இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது, ஆணியில் மாட்டிய முந்தானை மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். சௌமியா போன் செய்தபோது மணி ஐந்து இருக்கும். வீட்டில் தயாரித்த பொருள்களுக்கென்று மாதம் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பெண்கள் நடத்தும் சந்தைக்கு அவள்தான் பொறுப்பு. ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறாள், ரேணுகாவைவிடப் பத்து வயது சின்னவள், குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஓடும். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிரீம் சூப்பர், நானே அதைத்தான் போடறேன். ஸ்டால்ல மட்டும் உங்க பொண்ணை உக்கார வைங்களேன். பியூட்டி ஐட்டம் பாருங்க. வர்ற லேடீஸ் முதல்ல ஆளைத்தான் பார்ப்பாங்க." தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால் எப்படி எடுத்துக்கொள்வது, கரண்டியாலா? அப்போது இது வாயில் வரவில்லை. இப்போது குண்டானைக் கிளறும்போது வருகிறது. "இல்லைன்னா லைட்டா ஃபவுண்டேஷன் போட்டுக்குங்கக்கா, உங்களுக்குத் தெரியாததா" என்றும் சொன்னாள். தெரியாததா! நெற்றி நடுவில் ஒன்று, இரண்டு கண்ணையும் சுற்றி, உதட்டின் இரு ஓரமும், பத்து விரல்களின் நுனியும், இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. வெண்புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பதினொரு வருடமாகக் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ராத்திரியோடு ராத்திரியாக எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவருகிறவள் அவள்தானே.

அவள் தராசை இழுத்து மேடை நடுவில் வைத்தாள். காய்கறி நிறுக்கிற சின்ன மின் தராசு. அகல வாய்ப் பாட்டிலை அதன் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, பாதாம் எண்ணெயை ஊற்ற ஆரம்பித்தாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது இந்த இடம்தான். எண்ணெய் நூலாக இறங்கும், எண் ஏறும், மூச்சு தானாக மெதுவாகும். வாசனை எண்ணெயை நேராக கிரீமில் கொட்டக் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் கிரீமில் அது எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் போகாது. ஒரு டப்பாவில் வாசனையே இருக்காது, இன்னொரு டப்பாவின் மூலையில் வீரியம் குறையாமல் ஒரு சொட்டு ஒளிந்திருக்கும், அது யார் கன்னத்துக்குப் போகுமோ அந்தக் கன்னம் பற்றி எரியும். அதனால் முதலில் பாதாம் எண்ணெயில் கலக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு. பிறகு அந்தக் கலவையை கிரீமில் பத்தில் ஒரு பங்காகச் சேர்க்க வேண்டும். கடைசியில் நூற்றில் ஒரு பங்கு வாசனை நிற்கும். போதுமா என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "நல்லா இருக்கு, வாசனைதான் சாயங்காலம் வரைக்கும் நிக்க மாட்டேங்குது" என்று. நிற்காது, நிற்க வேண்டாம், உங்கள் தோல் நின்றால் போதும் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னதில் சிலர் போயிருக்கிறார்கள். போனவர்களை நினைத்து அவள் தூங்காமல் இருந்ததில்லை. நூற்றெண்பது கிராமில் ஊற்றுவதை நிறுத்தி, திரும்பவும் பூஜ்யமாக்கி, மனோரஞ்சித எண்ணெயின் மூடியைத் திருகினாள். மூடி திறந்த மாத்திரத்தில் சமையலறை சின்னதாகிவிட்டது. மனோரஞ்சிதம் என்றால், எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழமாக மணக்கும் என்பார்கள். கல்யாணமான முதல் மாதம் தனசேகர் ஒரு பூவைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர், கொல்லிமலைப் பக்கம் போய்வந்த டிரைவர் யாரோ கொடுத்தது. "கண்ணை மூடு, ஒரு பழத்தை நினை" என்றான். அவள் கொய்யாப்பழத்தை நினைத்தாள். பீடிப் புகையும் டீசலும் அவன் வேர்வையும்தான் மணத்தன. "பலாப்பழம்" என்று பொய் சொன்னாள், அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா!" என்றான். அந்த ஆள்தான் நேற்று ராத்திரி ரசத்தைப் பிசைந்துகொண்டே "அந்தப் பொண்ணு சொல்றதும் சரிதானே ரேணு" என்றது. சரிதானே. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மெதுவாக, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான். அப்படிச் சொன்னால் யாரைத் திட்டுவது, அப்பளத்தையா?

முதல் புள்ளி பொட்டு வைத்த இடத்தில் வந்தது. ஸ்டிக்கர் பொட்டு, சின்னதாக, அரக்குச் சிவப்பில், ஒரு அட்டையில் பல வரிசையாக ஒட்டியிருக்குமே, அது. ஒரு நாள் குளிக்கும்போது பொட்டை எடுத்து குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள், எல்லாப் பெண்களும் செய்கிறதுதான். நெற்றியைப் பார்த்தால் இன்னொரு பொட்டு அங்கேயே இருக்கிறது, வெள்ளையாக, அதே வட்டத்தில், அதே அளவில். தேய்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். அதற்கப்புறம் பொட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்து இட்லி ஊற்றினாள். பொட்டால் மூடிவைத்தால் அது போய்விடும் என்று ஆறு மாதம் இருந்தாளே, அந்த ஆறு மாதம் முழுக்க பொட்டின் பசைதான் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது என்று தோல் டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறைத்த பொருளே நிறத்தைத் தின்றிருக்கிறது. டாக்டர் நல்ல மனிதர். "இது ஒட்டாதும்மா, ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகாது. எரிச்சல் தர்ற எதையும் தடவாதீங்க, அடிபட்ட இடத்துல புதுசா வரும்" என்று பொறுமையாகச் சொன்னார். ஒட்டாது என்று அவர் அந்த அறைக்குள் சொன்னதை ஊரில் யார் கேட்டார்கள்? தங்கை கல்யாணத்தில் ஃபவுண்டேஷன் போட்டாள். போடாவிட்டால் மேடையேறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள். அழகு நிலையத்துப் பெண் சுவருக்குப் பட்டி பார்க்கிறது போலப் பூசிவிட்டாள். தாலி கட்டும் வரை தாங்கியது. பந்தியில் ரசம் சூடாக வந்தது, ஆவி முகத்தில் அடித்தது, மூக்கைத் துடைத்தாள், உதட்டைத் துடைத்தாள், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். உதட்டோரம் மட்டும் கலைந்து வெள்ளை வெளியே வந்திருந்தது. முழுதாகத் தெரிந்திருந்தால் அந்த அம்மாள் ஒருவேளை ஒருமுறை பார்த்துவிட்டு பாயசத்துக்குத் திரும்பியிருப்பாள். பாதி மறைத்து பாதி தெரிந்ததால் பந்தி முடியும்வரை பார்த்தாள். ராத்திரி முகத்தைக் கழுவும்போது எரிந்தது. மறு மாதம் கண்ணைச் சுற்றி வந்தது. ஃபவுண்டேஷனால் வந்ததா, தானாக வந்ததா, டாக்டருக்கும் தெரியாது. அன்றிலிருந்து கடையில் வாங்கிய எதையும் அவள் முகத்தில் தடவியதில்லை. தனக்கென்று தேங்காய் எண்ணெயும் மெழுகும் உருக்கினாள், பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா கேட்டாள், அவள் அக்கா மகள் கேட்டாள், அப்படித்தான் இந்த நாற்பது டப்பா. முகத்தால் வந்த தொழில் இது. முகத்தை வீட்டில் வைத்துவிட்டுத் தொழிலை மட்டும் அனுப்பு என்கிறாள் சௌமியா.

எல்லாம் சரி, சௌமியாவைக்கூட விடு, அந்த "சரிம்மா"வை என்ன செய்வது? குண்டானில் மெழுகின் கடைசித் துண்டு கரைவதைப் பார்த்துக்கொண்டே அவள் அதற்கு வந்து சேர்ந்தாள். எந்த வழியாகப் போனாலும் அங்கேதான் வந்து சேர்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, சௌமியா இப்படிச் சொல்கிறாள், வர்ஷினியை உட்கார வைக்கச் சொல்கிறாள் என்று தொடங்கினாள், வாக்கியம் முடியவில்லை. அதற்குள் "சரிம்மா, நான் உக்காந்துக்கறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறவள். எதைக் கேட்டாலும் முதலில் "எதுக்கு" என்பவள், கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கி வா என்றால்கூட. நேற்று "எதுக்கு" வரவில்லை. "சரிம்மா" வந்தது. எவ்வளவு சீக்கிரம்! முன்னமே யோசித்து வைத்திருந்தால்தான் அவ்வளவு சீக்கிரம் வரும். என்ன யோசித்தாள்? அம்மா அங்கே உட்கார்ந்து நாலு பேர் வாயில் விழ வேண்டாம் என்றா, அம்மாவோடு சேர்த்து நம்மை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்றா? முதலாவது பாசம். இரண்டாவது, அதற்கும் பெயர் இருக்கிறது, ரேணுகா அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. காலேஜில் போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு "அப்பா மட்டும் வந்தா போதும்மா, சும்மா கையெழுத்துதான்" என்றாளே, அது சும்மா கையெழுத்துதானா? பிறகு தனசேகர் இன்னொன்றும் சொன்னான். கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, மகள் உள்ளே போன பிறகு சொன்னான். "நாளைக்கு வர்ஷினிக்குப் பாக்கறப்போ, ஊர்ல பாதிப் பேரு உன்னை அங்க பார்த்திருப்பாங்க. பொண்ணுக்கும் வருமான்னுதான் முதல்ல கேப்பாங்க. எதுக்கு வம்பு?" எதுக்கு என்ற சொல் இந்த வீட்டில் மகளிடமிருந்து அப்பாவுக்குப் போய்விட்டது. வருமா? டாக்டர் வரலாம், வராமலும் போகலாம், பெரும்பாலும் வராது என்றார். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ரேணுகா எத்தனை விடியற்காலை வர்ஷினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவள் தூங்கும்போது முழங்கையை, விரல் கணுவை, காதுக்குப் பின்னால், மெல்லத் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. பிளேடில் கீறிக்கொண்டால் பயம், கொசு கடித்துச் சொறிந்தால் பயம். ஒரு தடவை அவள் விழித்துக்கொண்டு "என்னம்மா தேடறே?" என்று கேட்டாள். "கொசு" என்றாள் ரேணுகா. மகளும் நம்பியதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். யார் யாருக்காக எதை நம்பியதுபோல் இருந்தார்கள் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாசலில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. ஜெயக்கொடி அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்றவள். கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவள், நேரே சமையலறைக்கு வந்துவிட்டாள். "ஏம் புள்ள, தெருமுனை வரைக்கும் மணக்குது. யாருக்குக் கல்யாணம்?" ரேணுகா வாசனை எண்ணெய்ப் பாட்டிலைப் பாதாம் எண்ணெயின் மேல் சாய்த்தபடி, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்குத்தான்க்கா. மாப்பிள்ளை வந்துட்டு இருக்காரு" என்றாள். தராசு எட்டு காட்டியது. இருபது வர வேண்டும். "வர்றவனுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டுக்க. தெரியலைன்னா உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வந்த பஸ்லயே திருப்பி ஏத்தி விட்டுடு." பன்னிரண்டு. "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன், உம் பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூலு போட்டு வை. சும்மா உக்காந்து வர்றவளுக புடவையைப் பாத்துட்டு இருக்கேன்." "நான் உக்காரலைக்கா, வர்ஷினிதான் உக்காருவா." சொல்லிவிட்டாள். சொன்ன குரல் அவளுடையதுதான். இவ்வளவு நேரம் உள்ளுக்குள் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் ஒருத்தி, வாயைத் திறந்தபோது இன்னொருத்தி பேசிவிட்டாள், அதுவும் எவ்வளவு சாதாரணமாக, பால் வரவில்லை என்பது போல. "ஏன், உனக்கு என்ன கேடு? உக்காந்தா மூலமா?" ஜெயக்கொடி இதைக் கேட்ட விதத்தில் ரேணுகாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு அந்தத் தண்ணீர் சிரிப்புக்கு வந்ததா என்று அவளுக்கே சந்தேகமானது. சௌமியா சொன்னதை இரண்டு வரியில் சொன்னாள். ஜெயக்கொடி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "நேத்துப் பொறந்தவளுக்கு வாயைப் பாரேன்" என்றாள். பிறகு ஒரு காலி டப்பாவை எடுத்து முகர்ந்து, அதில் வாசனை இல்லை என்று கண்டு கீழே வைத்துவிட்டு, "ஆனாலும் பொண்ணைப் பெத்தவ நீ. எனக்கு ஒண்ணும் இல்ல சாமி, நான் உன் கையால காப்பி வாங்கிக் குடிக்கறவ. ஊரு அப்படி இல்லையே" என்றாள். ஒரு டப்பா எனக்கு எடுத்து வை என்று சொல்லிவிட்டு, வந்தது போலவே போனாள்.

நான் உன் கையால் காப்பி வாங்கிக் குடிக்கிறவள். ரேணுகா அந்த வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜெயக்கொடி அக்கா நல்லவள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். புள்ளி வந்த பிறகும் வருகையை நிறுத்தாதவள், வேறு நாலு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் காப்பி குடித்ததைக் கணக்கில் வைத்திருக்கிறாள். பதினொரு வருடமாகக் குடித்த ஒவ்வொரு டம்ளரும் அவளுக்கு ஒரு தைரியம், ஒரு தயவு. நான் கொடுத்தது வெறும் காப்பி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலை நிமிர்த்திவிட்டுத் தராசைப் பார்த்தாள். முகப்பு வெறுமையாக இருந்தது. தொடாமல் இரண்டு நிமிடம் விட்டால் அது தானாக அணைந்துவிடும், சிக்கனமான சாமான். பட்டனை அழுத்தினாள். பூஜ்யம் என்றது, மேலே இவ்வளவு எண்ணெய் உட்கார்ந்திருக்க, ஒன்றுமே இல்லை என்று. பன்னிரண்டுவரை பார்த்தது நிச்சயம். அதற்கப்புறம் அக்கா மூலம் என்றாள், இவள் சிரித்தாள், பாட்டில் சாய்ந்தே இருந்தது. எவ்வளவு இறங்கியது? முகர்ந்து பார்த்தாள். மூக்கு எப்போதோ செத்துவிட்டது. கால் மணி நேரம் இந்த வாசனையில் நின்ற மூக்குக்கு மனோரஞ்சிதமும் மண்ணெண்ணெயும் ஒன்று. சேலையைத் தூக்கி முகர்ந்தாள், ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கினாள், திரும்ப வந்து முகர்ந்தாள். பலா என்றால் பலா, கொய்யா என்றால் கொய்யா. ஆலையில் தயாரான எண்ணெய்க்கும் இந்தக் குணம் உண்டு போலிருக்கிறது, எவ்வளவு என்று நினைத்தால் அவ்வளவாக மணக்கிறது. அடுப்பை அணைத்து ஐந்து நிமிடமாயிற்று, குண்டானின் விளிம்பில் கிரீம் வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்தது. இப்போது கலக்காவிட்டால் மறுபடி உருக்க வேண்டும். கலந்துவிட்டால்தான் என்ன? நாலு கிராம் கூடியிருக்கும், ஐந்து கூடியிருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது? சாயங்காலம் வரை வாசனை நிற்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். மேசைக்குப் பின்னால் நான் உட்காரப்போவதில்லையே, எவளாவது கன்னம் சிவந்து திரும்பி வந்தால் வர்ஷினிதானே எதிரே இருப்பாள், அழகான முகம், யாரும் கோபப்பட மாட்டார்கள். இந்த இடத்தில் ரேணுகாவின் கை நின்றது. அதுதானே விஷயம். செய்தவள் எதிரே இல்லாவிட்டால் செய்வதே மாறிவிடும். ஒரு நாள் காலைக்குள் மாறிவிட்டது, ஒரு போனுக்கும் ஒரு சரிம்மாவுக்கும் மாறிவிட்டது. யார் முகத்தில் எரிந்தால் என்ன என்று நான் நினைத்தேன். நான்! கண்ணைச் சுற்றி எரிந்து எரிந்து வெளுத்துப்போன நான்.

வேறொரு பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கலவை முழுவதையும் அதில் கவிழ்த்தாள். இருநூறு வர வேண்டியது இருநூற்றாறு வந்தது. பழைய பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்றோ இரண்டோ. ஆக, வாசனை எண்ணெய் எட்டு கிராம் அதிகமாக விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பிசகாது. ஐந்து கூடியிருக்கும் என்று நினைத்தாளே! எழுபத்திரண்டு பாதாம் எண்ணெய் விட்டால் நேராகிவிடும், அவள் எண்பது விட்டாள். கிண்டினாள். தேவைப்படுகிற இருநூறை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வைத்தாள். குண்டானை மறுபடி வெந்நீரில் இறக்கினாள், கிரீம் இளகட்டும், அவசரம் எதுவும் இல்லை. அடுப்பு எரியும் நேரத்தில் போனை எடுத்தாள். யோசித்தால் "எதுக்கு" வந்துவிடும், அதனால் யோசிக்கவில்லை. "சௌமியா, ரேணுகாதேவி பேசறேன். ஞாயித்துக்கிழமை பதினாலாம் நம்பர் டேபிள்ல நான்தான் உக்காருவேன்." மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம். "அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான்..." "தெரியும். ஃபவுண்டேஷன் போட மாட்டேன். போட்டா எரியும். அரைக்கை ஜாக்கெட்தான் போடுவேன், மண்டபத்துல ஃபேன் ஓட மாட்டேங்குது." "அதுக்கில்லக்கா, பக்கத்து ஸ்டால்காரங்க ஏதாவது சொன்னா?" "சொல்லட்டுமே. பதில் சொல்ல நான் அங்கதானே இருப்பேன்." "கமிட்டில ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?" "கேளுங்க. டேபிளை எடுத்துட்டீங்கன்னா மண்டபத்து வாசல்ல பாயை விரிச்சு உக்காருவேன். வாசல் ரோட்டைச் சேர்ந்தது, அதுக்குக் கமிட்டி கிடையாது." சௌமியா சிரிக்கவில்லை. அவள் குரலில் சிரிப்பு ஓடாததை ரேணுகா முதல்முறையாகக் கேட்டாள். "சரிக்கா" என்றாள் சௌமியா. இதுவும் சீக்கிரமாகத்தான் வந்தது.

பிறகு தனசேகருக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தாள். இந்நேரம் ஈரோடு வண்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பான். ராத்திரி சொல்லிக்கொள்ளலாம். அவன் அப்பளத்தை நொறுக்குவான், நொறுக்கட்டும். நாளைக்கு வர்ஷினியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கத்தான் போகிறார்கள், இந்த ஞாயிறு அவள் ஒளிந்துகொண்டாலும் கேட்பார்கள். கல்யாணப் பேச்சுக்கு வருகிறவர்கள் முன்னால் அம்மா எங்கே ஒளிவாள், பீரோவுக்குள்ளா? கேட்டு ஓடுகிறவன் ஓடட்டும். பந்தியில் எதிர் இலையிலிருந்து முறைத்துப் பார்க்கிற குடும்பம் நமக்கு எதற்கு. இதெல்லாம் எனக்குச் சுலபம், அவளுக்கு? அவள் வாழ்க்கையை வைத்து நான் வீரம் பேசுகிறேனா? இந்தக் கேள்வி வந்து குறுக்கே நின்றது, நகரவில்லை, ரேணுகாவும் அதை நகர்த்தவில்லை. அது நியாயமான கேள்வி. அதற்கு இன்று பதில் இல்லை. பதில் வரும்வரை வீட்டுக்குள் இருக்க முடியாது, அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டு, அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். போன் கையில்தான் இருந்தது. பாசம் என்று மகள் சொன்னால் ரேணுகா நம்ப மாட்டாள். மற்றது என்றால் தாங்க மாட்டாள். கேட்காமல் விட்டால் எப்போதாவது தானாகத் தெரியும், தெரியாமலும் போகும். "ஞாயிற்றுக்கிழமை நானே உட்காருகிறேன், நீ படி" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, மகள் படித்துவிட்டாள். கிரீம் இளகியிருந்தது. விரலால் தொட்டால் பொறுக்கக்கூடிய சூடு. கலவையைச் சுற்றிலும் ஊற்றி, அடிவரை கரண்டி போக, ஒரே திசையில் கிண்டினாள். நாற்பது டப்பாவிலும் ஊற்றி முடித்தபோது குண்டானில் ஒட்டியிருந்ததை விரலில் வழித்து, இடது முழங்கைக்குக் கீழே, வெள்ளையும் மாநிறமும் சேருகிற ஓரத்தில், இரண்டிலும் படும்படி தடவினாள். எந்தப் புதுக் கிரீமும் அங்கேதான் முதலில் போகும். அந்த இடம் பொய் சொல்லாது, நாளைக் காலைக்குள் சொல்லிவிடும். சிவந்தால் நாற்பதையும் கொட்டுவாள். ஜன்னல் வழியாக வெயில் மேடையில் விழுந்தது. அவள் கையை வெயிலில் இருந்து இழுத்துக்கொண்டாள், வெள்ளை இடம் சீக்கிரம் கருகும். பிறகு முகம் கழுவப் போய், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். எதுவும் நகர்ந்திருக்கிறதா என்று தேடாமல், ஞாயிற்றுக்கிழமை எதிரே நிற்கப்போகிறவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதைப் பார்த்தாள். நாற்பத்துமூன்று வயது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ரேணுகாதேவி பதினான்காம் மேசையில் உட்கார்ந்து விற்றாள். பதிமூன்றாம் மேசையில் மெழுகுவத்தி விற்க வந்தவர்கள் பத்தரை மணிக்கு இடம் மாற்றிக் கேட்டார்கள், சௌமியா மாற்றிக் கொடுத்தாள். மதியம் ஒன்றேகாலுக்கு வர்ஷினி சாப்பாடு கொண்டுவந்தாள். அம்மாவின் நாற்காலியைக் கேட்கவில்லை. காலியாகிவிட்ட பதிமூன்றாம் மேசையின் நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மண்டபத்தில் விளக்கை அணைக்கும்வரை அதில் உட்கார்ந்திருந்தாள்.